மாற்றத்திற்கான காரணம்

1

இந்தக் கதையை எழுத நானாக உட்காரவில்லை. ஒரு படிவம் உட்கார வைத்தது. 'ஒப்பந்தத்தில் மாற்றம்' என்பது அதன் தலைப்பு. என்ன மாற்றம் என்ற கட்டத்தை மேஸ்திரியே நிரப்பிக் கொடுத்துவிட்டார்: 'குளியலறைக் கதவு நிலையை உடைத்து முப்பத்திரண்டு அங்குலமாக அகலப்படுத்துதல்.' அடுத்த கட்டம் 'மாற்றத்திற்கான காரணம்'. இரண்டு வரிக்கு இடம் இருக்கிறது. காலையிலிருந்து அங்கேயே நிற்கிறேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'வீட்டைப் புதுப்பிக்கிறேன் என்று வருகிற மேஸ்திரிகள் எல்லாருமே

(அதோடு நிறுத்திவிட்டேன். மேஸ்திரியை வில்லனாக்கினால் நீங்கள் உடனே நம்பிவிடுவீர்கள். எல்லார் வீட்டிலும் ஒரு குழாய் ஒழுகிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் இந்த மனிதர் சொன்ன தேதியில் வந்தார், சொன்ன டைல்ஸையே ஒட்டினார். கதாபாத்திரமாக அவரால் எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.)

3

நடந்தது இதுதான். என் மாமனார் இடுப்பு எலும்பு முறிந்து மருத்துவமனையில் இருக்கிறார். இனி சக்கர நாற்காலிதான். எங்கள் வீட்டுக்கு வர அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"மாப்ளே, என்னை யாரும் குளிப்பாட்டி விடக்கூடாது. கதவைச் சாத்திக்கிட்டு நானே குளிக்கணும். முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, ஏதாவது ஹோம்ல சேர்ந்துக்கறேன்."

என் மனைவி வராந்தாவுக்கு வந்து அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, டேப் வாங்கி வந்து, அங்கிருந்த சக்கர நாற்காலியின் அகலத்தை அளந்தாள். இருபத்தாறு அங்குலம்.

4

(கொஞ்சம் கட்டுரை. பொறுத்துக்கொள்ளுங்கள்.) இந்த மாதிரி வேலைக்கு எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும் என்கிறது நாங்கள் இருக்கிற ஊரின் சட்டம். என்ன வேலை, என்ன பொருள், எப்போது தொடங்கி எப்போது முடியும், எல்லாம் அதில் இருக்க வேண்டும். கையெழுத்துப் போட்ட பிறகு மனம் மாறினால் மூன்று நாளுக்குள் விலகிக்கொள்ளலாம். இடையில் எதை மாற்றினாலும் அதையும் எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்திட வேண்டும். வாய்வார்த்தை செல்லாது. இதை எழுதியவர்களுக்கு உரைநடை சுத்தமாக வரவில்லை, ஆனால் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

மேஸ்திரி அச்சடித்த ஒப்பந்தம் கொண்டுவந்தார். 'வேலை விவரம்' மட்டும் காலி. "நீங்க கதையெல்லாம் எழுதுவீங்களாமே சார், இதையும் நீங்களே எழுதிடுங்க" என்றார். வினை அங்கே ஆரம்பித்தது.

5

மூன்று முறை திருத்தி எழுதினேன். 'கிழக்குச் சுவரில் காலை வெளிச்சம் தங்கும்படி வெள்ளை ஓடுகள் பதிக்கப்படும். சுவரோரமாக ஒரு கைப்பிடி, தடுமாறும் கை தேடுகிற உயரத்தில்.' இதற்கு அடுத்து, 'கதவு நிலை முப்பத்திரண்டு அங்குலமாக அகலப்படுத்தப்படும்' என்று ஒரு வரி. ஓட்டத்தைக் கெடுத்தது. அடித்துவிட்டேன்.

(வேறு எங்காவது சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்ததாக இங்கே ஒரு வாக்கியம் எழுதிப் பார்த்தேன். பொய். அப்படி எதுவும் நினைக்கவில்லை.)

"கதவு அளவு எழுதிட்டீங்களா?" என்று மனைவி கேட்டாள்.

"எழுதிட்டேன்."

எழுதியது உண்மைதானே. வீடு அவள் பெயரில் இருக்கிறது. என் கதைகளை ஒரு வரி விடாமல் படிப்பவள், மருத்துவமனைக்கு ஓடும் அவசரத்தில் இதை மட்டும் படிக்காமல் கையெழுத்துப் போட்டாள்.

இரண்டாம் நாள் மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "சார், வாசல் ரெண்டடிதானே இருக்கு. நாற்காலி போகுமா?"

நான் வேறொரு கதையில் மூழ்கியிருந்தேன். "எழுதியிருக்கறபடி செய்யுங்க மேஸ்திரி."

செய்துவிட்டார்.

6

இன்று காலை மனைவி புது நாற்காலியைக் குளியலறைக்குத் தள்ளிப் பார்த்தாள். வாசலில் இடித்து நின்றது. மேஸ்திரியைப் பிடித்துக் காய்ச்சி எடுத்துவிட்டாள். அவர் ஒரு தடவை என்னைப் பார்த்தார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. கதவை விட இதற்குத்தான் எனக்கு அதிக வெட்கம்.

"நீங்களும் நானும் கையெழுத்துப் போட்டாத்தான்மா உளிய எடுப்பேன்" என்றார். "நாளைக்கு மத்தியானம் ஐயா வர்றதுக்குள்ள முடிச்சிடலாம். ஆனா காரணம்கற கட்டத்தைக் காலியா விடக்கூடாது."

7

முடிவு ஒன்று. 'காரணம்: மேஸ்திரியின் கவனக்குறைவு.' அவர் கையெழுத்துப் போட மாட்டார், போடவும் கூடாது.

முடிவு இரண்டு. 'காரணம்: நோயாளியின் தேவை மாறிவிட்டது.' அந்த மனிதர் கேட்டதே ஒன்றுதான். அது மாறவில்லை.

முடிவு மூன்று. 'காரணம்: அந்த வரி நன்றாக இல்லை.' நடந்தது இதுதான், ஆனால் எழுதக் கை கூசுகிறது. தவிர, இதை மட்டும் படித்தால் யாருக்கும் ஒன்றும் விளங்—

எனவே 'இணைப்பைக் காண்க' என்று எழுதிவிட்டேன். நீங்கள் படித்துக்கொண்டிருப்பதுதான் இணைப்பு. இணைப்புகளும் ஒப்பந்தத்தின் பகுதியே என்று படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது.

வாசகரே, மன்னிக்க வேண்டும். இதில் கையெழுத்துப் போடும் அதிகாரம் உங்களுக்கு இல்லை. இனி என் மனைவியிடம் பேசுகிறேன்.

காலையில் மேஸ்திரி வாங்கிய திட்டு எனக்கு வந்திருக்க வேண்டியது. இந்தத் தடவை படித்துவிட்டுப் போடு. அவர் வெளியே உளியோடு காத்திருக்கிறார். நீ போட்டால் நாளை அப்பா கதவைச் சாத்திக்கொண்டு குளிப்பார். அதற்குப் பிறகு என்னிடம் நீ என்ன சொல்வாய் என்று எழுதிப் பார்த்தேன், வரவில்லை. அதற்கு எத்தனை வரி வேண்டியிருக்கும் என்றும் தெரியவில்லை. கீழே பாதிப் பக்கம் உனக்காகக் காலியாக விட்டிருக்கிறேன்.