மேசையை அளந்தது யார்

1

இந்தக் கதை நானாக யோசித்து எழுதியதல்ல. ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவியவன், கடைக்கு வந்து உட்கார்ந்து எழுதுகிற சமாளிப்பு. பிற்பாடு நீங்களே கண்டுபிடித்துத் திட்டுவதைவிட இப்போதே ஒப்புக்கொள்வது மேல்.

போன பங்குனியில், இரண்டாயிரத்து ஒன்பதில், ஏகாம்பரநாதர் தேர் நிலைக்கு வந்த பிறகு, மோர்ப்பந்தலில் குமரனையும் அவன் மனைவி கீர்த்தியையும் பார்த்தேன். குமரன் எனக்குப் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன். பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிறான். விட்ட செருப்பைத் தேடி அவன் போன நேரத்தில் கீர்த்தி கேட்டாள்.

“ஏண்ணா, அன்னிக்கு அந்த மேசைய அளந்தது யாரு? நீங்களா, அவரா?”

“எந்த மேசைமா?” என்றேன்.

எந்த மேசை என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். மோரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, கூட்டத்தில் யாரையோ தேடுகிறவன் மாதிரி கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றேன். அதற்குள் குமரன் வந்துவிட்டான். அவள் வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தாள். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

2

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

குமரனின் மேசை மிகவும் சின்னது. ஆகவே அவனுக்கு ஒரு சின்ன கீபோர்டு—

பொய். இந்தப் பொய்யிலிருந்துதான் எல்லாமே ஆரம்பித்தது. அதிலேயே கதையையும் ஆரம்பிக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

கணினி விளையாட்டில் ஊறிய இளைஞர்களுக்கு, பையில் போட்டு எடுத்துப்போகத் தோதான கீபோர்டு என்பது—

இது விளம்பரம். (பெரிய காஞ்சிபுரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகையும் நோட்டீசும் அடித்து அடித்து, கை தானாக விளம்பரத்துக்குப் போய்விடுகிறது.)

ஒரே கூடம். பாதிக் கூடத்தைத் தறி அடைத்துக்கொண்டது. மீதியில் நாலு பேர். அதில் இரண்டு பேருக்குப் புதுசாகக் கல்யாணம்—

இது பரவாயில்லை. இப்படியே போகலாம்.

3

இரண்டாயிரத்து ஆறு தை மாதம் கல்யாணம் ஆனபோது குமரனுக்குப் பெண்டாட்டியிடம் என்ன பேசுவது என்றே தெரியவில்லை. பேசினாலும் எங்கே பேசுவது? எந்நேரமும் அப்பா கைலாசம் கூடத்தில் இருப்பார். அம்மா இந்திராணி அடுப்படியில் இருந்தாலும் அவள் காது கூடத்தில் இருக்கும்.

தறியில் இரண்டு பேரும் சேர்ந்துதான் உட்கார்ந்தார்கள். கோர்வைச் சேலை என்றால் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். ஒற்றை ஆள் நெய்ய முடியாது. நடுவில் உட்கார்ந்து குமரன் உடலுக்கு ஊடுநூல் நாடா விடுவான். வலப்பக்கம் உட்கார்ந்து கீர்த்தி கரைக்கு நாடா விடுவாள். நாள் முழுக்கத் தோளோடு தோள். ஆனால் பேச்செல்லாம் “விடு”, “இரு”, “இழை அறுந்துச்சு” இவ்வளவுதான்.

தறிக்கு எதிரே சுவரோரம் ஒரு மேசை. கரை டிசைன் போடுவதற்காகக் குமரன் வாங்கிய பழைய கம்ப்யூட்டர் அதன் மேல் இருந்தது. அதில் ஒரு டாங்கி விளையாட்டு உண்டு. இரண்டு பேர் ஒரே கீபோர்டில் ஆடலாம். குமரனின் மஞ்சள் டாங்கிக்கு இடப்பக்கத்து எழுத்துகள், கீர்த்தியின் பச்சை டாங்கிக்கு வலப்பக்க ஓரத்து எண்கள். எட்டு மேலே, அஞ்சு கீழே, நாலும் ஆறும் பக்கவாட்டில், பூஜ்யத்தைத் தட்டினால் குண்டு.

மத்தியானம் பெரியவர்கள் இரண்டு பேரும் கண்ணயர்கிற அரை மணி நேரம் இவர்களுக்குக் கிடைத்தது. நாலே நாளில் கீர்த்தி கற்றுக்கொண்டாள். ஐந்தாம் நாள் குமரனைச் சுட்டாள். மாமியார் விழித்துவிடக் கூடாதே என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தபோது, தனக்கு அமைந்த பெண்டாட்டி எப்படிப்பட்டவள் என்று குமரனுக்கு முதல் தடவையாகத் தெரிந்தது. அவனுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. தோற்பதுகூடப் பிடித்திருந்தது.

(இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அவனே சொன்னான். அப்போதெல்லாம் என்னிடம் எதையும் மறைக்க மாட்டான்.)

4

அப்புறம் ஒரு சித்திரை ஞாயிற்றுக்கிழமை. பிரவுசிங் சென்டர் நடத்துகிற அந்தோணியும் இன்னொரு சிநேகிதனும் குமரன் வீட்டுக்கு வந்தார்கள். குமரன் வீறாப்பாக டாங்கியைத் திறந்தான். கீர்த்தி வர மாட்டேன் என்றாள்; அவன்தான் கூப்பிட்டு உட்கார வைத்தான். ஏழு ஆட்டம். ஏழிலும் அவளே ஜெயித்தாள்.

அப்போது அந்தோணி ஒரு வார்த்தை சொன்னான்—

இல்லை. அந்தோணி எதுவும் சொல்லவில்லை. ‘இன்னொரு சிநேகிதன்’ என்று எழுதினேனே, அவன்தான் சொன்னான். அவன் பெயர் ராமலிங்கம். இதை எழுதுகிறவனும் அவனே. இரண்டு பிரதிகளில் அந்த வார்த்தையை அந்தோணி வாயில் போட்டுப் பார்த்தேன், கச்சிதமாகப் பொருந்தியது. பாவம், அவன் வாங்கி வந்த சமோசாவைத் தின்றுவிட்டு, பழியையும் அவன் தலையில் கட்டுவது எனக்கே அசிங்கமாக இருந்தது.

“இன்னாபா குமரா, இனிமே தறியில நடுவுல அவங்க உக்காரட்டும். நீ வலப்பக்கம் போயி கரை போடு.”

எல்லோரும் சிரித்தார்கள். படுத்திருந்த கைலாசம்கூடச் சிரித்தார். நடு இடம் அவர் எழுந்து மகனுக்குக் கொடுத்த இடம். குமரனுக்குக் காது சுட்டது. சிரிப்புச் சத்தத்தில் கீர்த்தியின் சத்தத்தைத் தேடினான். அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், முந்தானை இல்லாமல், வாய்விட்டு.

அவள் என் வார்த்தைக்குச் சிரிக்கவில்லை, ஜெயித்த சந்தோஷத்தில் சிரித்தாள். எனக்கு அது தெரிந்தது. குமரனிடம் அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் வேடிக்கை எடுபட்டுவிட்ட குஷியில் இருந்தேன்.

5

சின்ன கீபோர்டு வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டியவை சில உண்டு. இரண்டு மூன்று பொத்தான்களை ஒன்றாக அழுத்தினால் எல்லாம் பதிகிறதா? ஆடுகிற வேகத்தில் நழுவாமல் நிற்கிறதா? பையில் போட்டால் ஒயர் முறுக்கிக்கொள்ளாதா? ஓரத்து எண்கள், அதாவது நம்பர் பேட், இல்லாமல் சமாளிக்க முடியுமா? இவ்வளவையும் சென்னை ரிச்சி தெருவில் கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் கேட்டவன் நான். வெட்டி எடுத்த பக்கத்தில் யாருடைய கை இருந்தது என்பதை மட்டும் கேட்கவில்லை. கடைக்காரருக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை குமரன் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டான். “மேசையில எடமே பத்தலடா. சின்னதா ஒண்ணு வாங்கணும்” என்று சொல்லிக்கொண்டே சாண் வைத்து அளந்தான். நெய்கிறவன் வாய் அளவைச் சொல்லாமல் இருக்காது. “நாலு சாண், நாலு விரல்” என்று முணுமுணுத்தான். பெரிய கீபோர்டுக்கு இரண்டு சாண் போதும். மவுஸ் நகர ஒரு சாண். அதற்கு மேலும் மீதி இருந்தது. நான் கணக்கில் மட்டமானவன்தான், ஆனாலும் இது தெரியாத அளவுக்கு மட்டமில்லை.

அங்கிருந்து ரிச்சி தெருவுக்குப் போனோம். கடைக்காரர் கேட்டார். “டேபிள் எவ்ளோ சார் இருக்கும்?”

“ரெண்டரை சாண்” என்றான் குமரன்.

கரையில் ஒரு நூல் பிசகினால் கண்டுபிடிக்கிறவன். ஒன்றரைச் சாணுக்கு மேல் விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்கு மறக்கவில்லை. ஒரே ஒருவன் ‘டேய், நாலுடா’ என்று சொல்லியிருந்தால் அவன் சிரித்துவிட்டு வெளியே வந்திருப்பான் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

“ஆமா சார், ரொம்பச் சின்ன மேசை” என்றேன். “சண்டேல பிரவுசிங் சென்டருக்கும் எடுத்துக்கினு போவான்.”

“அப்ப இதான் சார் கரெக்ட். கேமிங்குக்குன்னே வந்தது, பையில அடங்கிடும்” என்று அவர் எடுத்து வைத்தார். நாலு பொத்தான்கள் மட்டும் சிவப்பு. இடப்பக்கத்து நாலு.

6

குமரன் புதியதை மாட்டினான். கீர்த்தி வந்து பக்கத்தில் நின்றாள். அவள் வலக்கை தானாக மேசைக்குப் போய், எண்கள் இருந்த இடத்தில் வெறும் பலகையைத் தொட்டது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

“நல்லா இருக்குதுங்க. எடம் அடைக்காது” என்றாள்.

மறுநாள் முதல் அந்தக் காலி இடத்தில் அவனுக்கு டீ டம்ளர் வைத்தாள். மூன்று வருஷமாக வைக்கிறாள். ஒரு மத்தியானம் குமரன் வழக்கம்போல இரண்டு பேர் ஆட்டத்தைத் திறந்துவிட்டு, “வாயேன்” என்று கூப்பிட்டான். “என் நம்பரு அதுல இல்லீங்களே” என்று சொல்லிவிட்டு அவள் உலையைப் பார்க்கப் போனாள். மஞ்சள் டாங்கி இருந்த இடத்திலேயே நின்றது. எதிர் மூலையில் பச்சை டாங்கியும் நகராமல் நின்றது. சுட அவனுக்கு மனம் வரவில்லை, கம்ப்யூட்டரையே அணைத்துவிட்டான்.

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்தினேன். ‘யார் யார் எங்கே இருந்தார்கள்’ என்று குறித்துக்கொண்டு எழுதுவது என் வழக்கம். மேசையை அளந்த செவ்வாய்க்கிழமைக்குக் குறிக்கும்போதுதான் ஞாபகம் வந்தது. கீர்த்தி தறியில், தன் இடத்தில் உட்கார்ந்து அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தாள். மேசை தறிக்கு நேர் எதிரே. நாலு சாண், நாலு விரல் என்று அவன் முணுமுணுத்தது அவள் காதில் விழாமல் இருக்க வழியே இல்லை.

அப்படியென்றால் அளந்தது யார் என்பது அவளுக்கு அன்றைக்கே தெரியும். மோர்ப்பந்தலில் அவள் விஷயம் தெரிந்துகொள்வதற்காகக் கேட்கவில்லை. இந்த இரண்டு ஆண்களில் ஒருத்தனாவது வாயைத் திறந்து சொல்லுவானா என்று கேட்டாள். நான் “எந்த மேசைமா?” என்றேன்.

7

நல்ல முடிவுகள் கைவசம் இருக்கின்றன. நம்பர் பேட் மட்டும் தனியாக விற்கிறார்கள். குமரன் ஒன்று வாங்கி, டீ டம்ளரை நகர்த்திவிட்டு அங்கே வைப்பதாக எழுதலாம். எழுதினேன். அடித்துவிட்டேன், ஏனென்றால் அவன் வாங்கவில்லை. கீர்த்தி ஒருநாள் சண்டை போட்டு—

போடவில்லை. போட்டிருந்தால் எங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இன்னொன்றையும் மறைத்திருக்கிறேன். அந்தப் பழைய கீபோர்டை அன்றைக்கே குமரன் என்னிடம் தள்ளிவிட்டான். “எடுத்துக்கினு போடா, வீட்ல இருந்தா அவ கண்ல படும்” என்றான். மூன்று வருஷமாக அதில்தான் ஊரின் கல்யாணப் பத்திரிகைகளை அடிக்கிறேன். இந்தக் கதையையும் அதில்தான் அடித்தேன். ஓரத்து எண்களில் அஞ்சு பொத்தான்களில் மட்டும் லேசாக அரக்குச் சாயம் ஏறியிருக்கிறது, ஈரப் பட்டு பிடித்த விரலின் சாயம். துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. அதனால் முகூர்த்தத் தேதியிலிருந்து இந்தப் பகுதிகளின் எண்கள் வரை எல்லாவற்றையும் மேல் வரிசையில்தான் தட்டுகிறேன். அந்தப் பக்கம் கை வைக்க வெட்கமாக இருக்கிறது.

கீர்த்தி, அளந்தது குமரன். சரியாகத்தான் அளந்தான். கடையில் குறைத்துச் சொன்னதும் அவன்தான். அதற்கு ஆமாம் போட்டவன் நான். அவனை அந்த நிலைக்குக் கொண்டுவந்த வார்த்தையும் என்னுடையது. இந்தத் தாள்களை அந்தக் கீபோர்டோடு சேர்த்து மஞ்சள் பையில் போட்டு நாளைக்கு உன் கையில் கொடுக்கப்போகிறேன். குமரன் வீட்டில் இருக்கிற நேரமாகப் பார்த்து வருகிறேன். பிறகு நீ அதை மேசையில் வைப்பாயோ, தூக்கி என் தலையில் போடுவாயோ, அதை எழுத எனக்கு உரிமையில்லை.

அடுத்த பகுதியின் எண்ணை மட்டும் கீபோர்டில் உன் பக்கத்திலிருந்து தட்டிவிட்டு எழுந்துகொள்கிறேன்.

8