பிறமொழி, பலத்த சிரிப்பு

சப்டைட்டில் எழுதுகிறவர்களுக்கு விதிகள் உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு வரிகளுக்கு மேல் திரையில் வரக்கூடாது. கதவு சாத்தினால் [கதவு சாத்தப்படுகிறது] என்று போட வேண்டும். சிரித்தால் [சிரிப்பு], விழுந்து விழுந்து சிரித்தால் [பலத்த சிரிப்பு]. ஆங்கிலம் அல்லாத எதையாவது யாராவது பேசினால் [பிறமொழி]. அது எந்த மொழி, அதில் என்ன சொன்னார்கள் என்று எங்களை யாரும் கேட்பதில்லை.

தொழிற்சாலைகள் நிறைந்த புறநகரான ஃபுட்ஸ்க்ரேயில் ஒரு டயர் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். அந்த மே மாதம் எனக்கு வந்தது 1974-இல் ஒளிபரப்பான நகைச்சுவைத் தொடர். பெயர் ‘வேலிக்கு இந்தப் பக்கம்’. இணையத்தில் படம் காட்டும் ஒரு நிறுவனம் அதைத் தூசி தட்டி மறுபடியும் வெளியிட இருந்தது. கதை எளிது. ரெஜ் என்கிற வெள்ளைக்காரன், அவன் மனைவி, பக்கத்து வீட்டில் புதிதாகக் குடிவந்த வெளிநாட்டுக்காரி. அவளுக்கு அவர்கள் வைத்த பெயர் மிஸஸ் ஸ்பகெட்டி. ஒரு வாரம் அவள் இத்தாலிக்காரி, இன்னொரு வாரம் கிரேக்கக்காரி. எழுதியவர்களுக்கே அது நினைவில்லை. பழைய திரைக்கதைத் தாளில் அவள் வசனம் இருக்க வேண்டிய இடத்தில் ‘வாய்க்கு வந்ததை உளறுகிறாள்’ என்று மட்டும் தட்டச்சு செய்திருந்தார்கள்.

மூன்றாவது பகுதியில் ரெஜ் வேலி வழியாக எட்டிப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொள்கிறான். பூண்டு நாற்றமாம். அரங்கம் சிரிக்கிறது. மிஸஸ் ஸ்பகெட்டி இடுப்பில் கை வைத்துப் படபடவென்று பேசுகிறாள். நான் விசைப்பலகையில் [பிற என்று அடித்தேன். கை நின்றுவிட்டது.

அவள் பேசியது மால்டீஸ், மால்டா தீவின் மொழி. என் வீட்டு மொழி.

“இந்த ஆள் மூணு நாளா ஒரே சட்டையைப் போட்டுக்கிட்டு வர்றான். நாத்தம் எங்கேருந்து வருதுன்னு தெரியாம மூக்கைப் பொத்திக்கிறான் பாருங்க, பாவம்!”

அலுவலகத்தில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி சிரித்துவிட்டேன். மற்ற பகுதிகளையும் ஓட்டிப் பார்த்தேன். எட்டாவது பகுதியில் அவள் ரெஜ்ஜை விட்டுவிட்டு நேராகக் கேமராவைப் பார்க்கிறாள்.

“சன்ஷைன்ல, செயிண்ட் ஆல்பன்ஸ்ல குடியிருந்துக்கிட்டு இதைப் பாக்கிற நம்ம ஜனங்களே, கேளுங்க. நாளைக்கு ஃபேக்டரி கேட்டுல எவனாவது என்னை மாதிரி பேசிக் காட்டினா இதைச் சொல்லுங்க. உனக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு பாஷை, அதையும் பாதி மென்னு முழுங்கிட்டுத்தான் பேசுற!”

[பலத்த சிரிப்பு].

அப்பாவுக்குப் போன் செய்தேன். அவர் அப்போது பள்ளிச் சிறுவன்.

“மிஸஸ் ஸ்பகெட்டியா? நம்ம சென்சாதானே! புதன்கிழமை ராத்திரி டிவி சத்தத்தைக் குறைச்சு வெச்சுட்டுச் சாப்பிடுவோம். அவ வாயைத் திறந்தா மட்டும் சத்தத்தைக் கூட்டுவோம். வியாழக்கிழமை ஸ்கூல்லயும் ஃபேக்டரிலயும் எவனாவது கேலி பண்ணினா, அவ குடுத்த வசனத்தைத்தான் திருப்பிச் சொல்லுவோம்.”

“ஏம்ப்பா எங்கிட்ட சொல்லவே இல்லை?”

“யார்கிட்டேயும் சொல்லல. சொன்னா நிறுத்திடுவாங்களே.”

ஒரு ஊரே வாயை மூடிக்கொண்டு ஐம்பது வருடம் சிரித்திருக்கிறது.

பதினான்காவது பகுதிதான் என்னை நிறுத்தியது. அந்தக் காலத்தில் தொழிற்சாலையில் அடிபட்டு வேலைக்கு வராத தென் ஐரோப்பியர்களைக் கேலி செய்வது வழக்கம். சோம்பேறிகள், முதுகுவலி என்று நடிக்கிறார்கள் என்பார்கள். ரெஜ் முதுகைப் பிடித்துக்கொண்டு ‘ஐயோ அம்மா’ என்று அவளைப் போலவே பேசியபடி வேலி ஓரம் நொண்டுகிறான். அரங்கம் அதிர்கிறது. அவள் இடுப்பிலிருந்து கையை எடுக்கிறாள். பிறகு தணிந்த குரலில் சொல்கிறாள்:

“என் தம்பி சல்வு. இருபத்தாறு வயசு. மெஷின் அவன் முதுகெலும்பை உடைச்சுடுச்சு. இன்னிக்குக் காலைல நான்தான் அவனுக்குச் செருப்பு மாட்டிவிட்டேன். சிரிங்க.”

சிரித்தார்கள்.

அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் எழுதினேன். இரண்டு இரண்டு வரிகளாக, விதிப்படி.

மறுநாள் என் மேலாளர் லிண்ட்ஸி காப்பிக் கோப்பையோடு வந்து என் மேசையில் சாய்ந்தார். நல்ல மனிதர், யாரையும் புண்படுத்திவிடுவோமோ என்று எப்போதும் பயப்படுகிறவர்.

“நல்ல சேதி மார்விக். அந்த மிஸஸ் ஸ்பகெட்டி ரொம்ப மோசமான சித்தரிப்புன்னு கம்பெனி முடிவு பண்ணிட்டாங்க. அவ வர்ற முப்பத்தொரு காட்சியையும் வெட்டிடறாங்க. உனக்கு வேலை குறைஞ்சுது.”

“அவங்க என்ன பேசறாங்கன்னு கேட்டாங்களா?”

“யாரு?”

“யாராவது.”

“அது உளறல்தானே? ஸ்கிரிப்ட்லயே இருக்கே.” கோப்பையைச் சுழற்றினார். “இங்க பாரு, உன் சமூகத்துக்கு நல்லதுக்குத்தான் இது. அவளா நடிச்ச அந்தம்மாவே தொடருக்கு முன்னாடி வர்ற முன்னுரையைப் பேச ஒத்துக்கிட்டாங்களாம்.”

சனிக்கிழமை சென்சா ஷிக்லூனாவின் வீட்டைத் தேடிப் போனேன். செயிண்ட் ஆல்பன்ஸ். முன்வாசலில் மாதா சிலை, பின்பக்க வேலியில் சப்பாத்திக்கள்ளி. கதவைத் திறந்தவருக்கு எழுபத்தேழு வயது. திரையில் இருந்த அதே இடுப்பு, அதே கை.

“பொனீச்சி வீட்டுப் பொண்ணா? உன் மூக்கே சொல்லுதே. உள்ள வா.”

சமையலறையில் சக்கர நாற்காலியில் ஒருவர் சீஸ் வைத்துச் சுட்ட பஸ்திட்சிப் பலகாரத்தின் மொறுமொறுப்பான ஓரத்தை மட்டும் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார். சல்வு. பதினான்காவது பகுதியின் தம்பி.

“உள்ள இருக்கிற சீஸை எனக்கு வெச்சிருக்கியாக்கும்!” என்று தம்பியை அதட்டிவிட்டு, கண்ணாடித் தம்ளரில் எனக்குத் தேநீர் ஊற்றினார் சென்சா.

“அத்தை, உங்க காட்சி எல்லாத்தையும் வெட்டப் போறாங்க. தெரியுமா?”

தேநீர் ஊற்றுவது நின்றது.

“எல்லாத்தையுமா? கொஞ்சம் மாத்தறோம்னுதானே அந்தக் கம்பெனிப் பொண்ணு சொன்னா?”

“முப்பத்தொரு காட்சி.”

சென்சா உட்கார்ந்தார். முன்னுரைக்கு நிறுவனம் அனுப்பிய தாளை மேசையிலிருந்து எடுத்துக் கண்ணாடி போட்டுப் படித்தார். “‘இத்தொடர் அந்தக் காலத்து மனப்பான்மைகளைப் பிரதிபலிக்கிறது.’ கேட்டியா சல்வு? அந்தக் காலத்து மனப்பான்மையாம்! நானும் அந்தக் காலத்துலதானே இருந்தேன்? நீயும்தானே இருந்தே? நம்ம மனப்பான்மை என்னடா ஆச்சு?”

“அதுக்கு மார்க்கெட் இல்லக்கா,” என்றார் சல்வு வாய் நிறைய மாவோடு.

“அன்னிக்கு என்னைக் கேலி பண்றதுக்காக உள்ள விட்டான். இன்னிக்கு என்னை மரியாதை பண்றதுக்காக வெளிய தள்றானாம். அந்தத் திருட்டுப் பய ரெஜ் மட்டும் நின்னு பேசிக்கிட்டே இருப்பான், பதில் சொல்ல ஆள் இருக்காது. நான் பேசினது நடக்கவே நடக்காத மாதிரி ஆயிடும். இல்லையா?”

“அப்படித்தான் ஆகும்.”

“அப்போ முன்னுரைக்குப் போகாதே,” என்றார் சல்வு.

“போவேன்,” என்றார் சென்சா. “கேமரா கூப்பிடுது. ஏன் போகாம இருக்கணும்?”

செவ்வாய்க்கிழமை காலை ஒளிப்பதிவுக்கு நானும் போனேன். சப்டைட்டில் எழுதப்போகிறவள் என்று சொல்லிக்கொண்டேன். நிறுவனத்திலிருந்து பிரான்வென் என்ற இளம்பெண் வந்திருந்தாள். சென்சாவின் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். கண்கள் உண்மையாகவே கலங்கியிருந்தன.

“உங்களை அந்த மாதிரி நடத்தினதுக்கு எங்க எல்லார் சார்பாவும் மன்னிப்புக் கேட்டுக்கறேன் மிஸஸ் ஷிக்லூனா.”

“அப்போ வெட்டாதீங்க. கீழ எழுத்துப் போடுங்க, போதும். இந்தப் பொண்ணு எழுதி வெச்சிருக்கா.”

பிரான்வென் என்னைப் பார்த்தாள், பிறகு கடிகாரத்தை. “மேலிடத்துல முடிவாயிடுச்சு. அந்தக் காட்சிங்க இன்னிக்குப் பாக்கறவங்களுக்கு ரொம்ப வலிக்கும்.”

“எனக்கு வலிச்சப்போ பாத்தவங்கதானே அவங்க அப்பா அம்மா?”

பிரான்வென் ஒளிப்பதிவாளருக்குக் கை காட்டினாள். விளக்குகளைப் போட்டார்கள். சென்சா தாளில் இருந்த ஆங்கில வரிகளை ஒரு திக்கலும் இல்லாமல் வாசித்தார். திரையில் அவர் ஆங்கிலம் பேசியது அதுதான் முதல்முறை. நல்ல ஆங்கிலம். பிஸ்கட் தொழிற்சாலையில் முப்பது வருடம் தொழிற்சங்கப் பிரதிநிதியாக இருந்தவருடைய ஆங்கிலம்.

“அருமை!” என்றாள் பிரான்வென். தாளை வாங்கி மடித்துக்கொண்டாள். “கடைசியா உங்க மொழியில ஏதாவது சொல்லுங்களேன். எதுவானாலும் சரி. கேக்க ரொம்ப அழகா இருக்கும்.”

சென்சா என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். பிறகு இடுப்பில் கை வைத்து, கேமராவை நேராகப் பார்த்துப் பேசினார். அரை நிமிடம் பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். “நெஞ்சைத் தொட்டுடுச்சு,” என்றாள் பிரான்வென். என்ன சொன்னார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அன்று மாலை அந்த முன்னுரை என் மேசைக்கு வந்தது. கூடவே லிண்ட்ஸியின் குறிப்பு: ‘கடைசிப் பகுதிக்கு வழக்கம்போல [பிறமொழி] போதும்.’

இந்த வேலை கிடைக்க எனக்கு இரண்டு வருடம் ஆகியிருந்தது. நாங்கள் எழுதுவதை எங்கள் அலுவலகத்தில் எந்த மனிதரும் படித்துச் சரிபார்ப்பதில்லை, ஒரு மென்பொருள்தான் பார்க்கும். வரி நீளமா, நேரம் பொருந்துகிறதா என்பதோடு அதன் கவலை முடிந்துவிடும். பொருள் அதற்குத் தெரியாது.

சென்சா மால்டீஸில் பேசியதை அப்படியே எழுதினேன்:

‘முப்பத்தொரு இடத்தில் படம் குதிக்கும்.
அங்கெல்லாம் நான் நின்றுகொண்டிருந்தேன்.

இவர்கள் கேட்காததால் வெட்டினார்கள்.
கேட்க விரும்புகிறவர்கள் வாருங்கள்.

அடுத்த வாரம் புதன், காலை பதினொரு மணி,
செயிண்ட் ஆல்பன்ஸ் மால்டீஸ் மன்றம்.

பேசியது யார் என்று கேட்டால் சொல்லுங்கள்:
சென்சா ஷிக்லூனா. மிஸஸ் ஸ்பகெட்டி இல்லை.’

மென்பொருள் பச்சை விளக்குக் காட்டியது. அனுப்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை தொடர் வெளியானது. புதன்கிழமை காலை மன்றத்துக்குப் போனபோது தெருவில் கார் நிறுத்த இடமில்லை. மால்டீஸ் மறந்துபோன பேரப்பிள்ளைகள் வந்திருந்தார்கள். வியட்நாமியக் குடும்பம் ஒன்று வந்திருந்தது. டயர் கடைக்காரர் கிரேக்கர், அவரும் வந்திருந்தார். “ஒரு வாரம் கிரேக்கக்காரியாவும் அவங்க நடிச்சாங்களாமே, அதைப் பாக்கணும்,” என்றார்.

திரைக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலியில் சல்வு. மடியில் ஒரு பழைய கேசட் ரெக்கார்டர், காலடியில் கேசட்டுகள் நிரம்பிய பிஸ்கட் டின். முதுகு உடைந்து வீட்டில் படுத்திருந்த வருடங்களில், ஒவ்வொரு புதன்கிழமையும் அந்த ரெக்கார்டரைத் தொலைக்காட்சியின் அருகே பிடித்து அக்காவின் குரலைப் பதிவு செய்திருக்கிறார். ஒரு பிரதி மால்டாவில் இருந்த அம்மாவுக்கு, ஒன்று டின்னுக்கு. எங்கள் ஆட்கள் அன்று கடிதம் எழுதியதில்லை, கேசட்தான் அனுப்பினார்கள்.

படம் ஓடியது. ரெஜ் வேலியை எட்டிப் பார்த்தான், மூக்கைப் பொத்தினான். உடனே படம் குதித்து அடுத்த காட்சிக்குப் போனது. அவன் எதற்காக மூக்கைப் பொத்தினான் என்பதே இப்போது புரியவில்லை.

“நிறுத்து!” என்று கத்தினார் சென்சா. நான் நிறுத்தினேன். ரெஜ்ஜின் மூக்கைப் பொத்திய முகத்துக்குத் திருப்பி அங்கேயே உறைய வைத்தேன். சல்வு பொத்தானை அமுக்கினார்.

இரைச்சலுக்கு நடுவே இருபத்தேழு வயதுக் குரல் வந்தது. முன்வரிசையில் இருந்த மால்டீஸ் முதியவர்கள் அதோடு சேர்ந்தே சொன்னார்கள், ஒரு வார்த்தை பிசகாமல். பின்வரிசைக்கு நான் மொழிபெயர்த்தேன். சிரிப்பு இரண்டு தடவை வந்தது, முதலில் முன்னாலிருந்து, பிறகு பின்னாலிருந்து. கேசட்டிலும் அரங்கத்தின் சிரிப்புக்கு மேலாக யாரோ மூச்சுத் திணறச் சிரிப்பது கேட்டது. படுக்கையில் கிடந்த சல்வு.

பதினான்காவது கேசட்டைப் போட்டபோது ரெஜ் முதுகைப் பிடித்தபடி உறைந்து நின்றான். “சிரிங்க,” என்றது குரல். கேசட்டில் அரங்கம் சிரித்தது. சல்வு சிரிக்கவில்லை, கேசட்டிலும், இங்கேயும். மன்றத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஐம்பது வருடம் கழித்து அந்த வசனத்துக்கு வரவேண்டியது வந்தது.

அப்போது என் போன் அதிர்ந்தது. லிண்ட்ஸி.

“மார்விக், என்ன பண்ணிட்டே நீ? கம்பெனிக்கு நூத்துக்கணக்குல மெயில் வந்திருக்கு. வெட்டினதைக் காட்டுங்கறாங்க. பிரான்வென் பக்கத்துலதான் இருக்கா. அவளும் கேக்கறா...” தயங்கினார். “அந்த முப்பத்தொரு இடத்துல அவங்க என்னதான் சொன்னாங்க?”

போனை சென்சாவிடம் நீட்டினேன். “கேக்கறாங்க அத்தை.”

சென்சா போனை வாங்கினார். எதிர்முனைக்குத் தெரியாது என்றாலும் இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

“பதினேழு பாக்கி இருக்கு,” என்றார் தெளிவான ஆங்கிலத்தில். “அந்தப் பொண்ணையும் கூட்டிக்கிட்டு வா. நாற்காலி இல்ல, நின்னுதான் கேக்கணும்.”

பிறகு என் பக்கம் திரும்பினார். “அடுத்ததைப் போடச் சொல்லுடி. அவங்களுக்காகக் காத்திருக்க முடியாது.”