இறங்காத தட்டு

தொழில் வட்டாரத்தில் அவருக்கு 'இன்னொருவாட்டி' என்று பெயர். ட்ரெய்லரில் காரை ஏற்றிக் கட்டி, எல்லாரும் கையைத் துடைத்துக்கொள்ளும் நேரத்தில், "இன்னொரு வாட்டி பாத்துடலாம்" என்பார். பெல்ட்டை இழுத்துப் பார்ப்பார், கொக்கியைத் தட்டிப் பார்ப்பார், சங்கிலியைக் காலால் உதைத்துப் பார்ப்பார். கூட வேலை செய்யும் மச்சினனுக்கு இது தீராத கேலி. "ராத்திரி கட்டில் காலை இழுத்துப் பாக்காம எங்க மாமா படுக்க மாட்டாரு. அக்காவே சொல்லியிருக்கு."

அவருடைய ட்ரெய்லர் சாய்கிற வகை. பூட்டியிருக்கும் பின்னை உருவினால், கார் நிற்கும் தட்டு சக்கர அச்சின் மேல் சாய்ந்து வால் தரையைத் தொடும். காரை, முன்னால் இருக்கும் வின்ச் உருளையின் கம்பியில் மாட்டி மேலே இழுக்க வேண்டும். பாரம் அச்சைத் தாண்டிய கணத்தில் தட்டு தானாகக் கீழே இறங்கி மட்டமாகிவிடும். சின்ன கார் என்றால் அது எங்கே இறங்கும் என்று அவருக்குத் தெரியும். அந்த இடத்தில் மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். முன்சக்கரம் கோட்டைத் தொட்டால் தட்டு இறங்க வேண்டும். இறங்காவிட்டால் காரின் பின்பக்கத்தில் சொல்லாத கனம் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். பின்பாரத்தோடு கிளம்பிய ட்ரெய்லர் சாலையில் வாலாட்ட ஆரம்பிக்கும். முதலில் லேசாக; பிறகு இழுக்கிற வண்டியையே பிடித்து உலுக்கிப் பள்ளத்தில் தள்ளிவிடும். அப்படிக் கவிழ்ந்து கிடந்தவற்றைத் தூக்குவதற்கே பலமுறை போயிருக்கிறார். அதனால் தட்டு இறங்காத காரை, டிக்கியைத் திறந்து பார்க்காமல் அவர் எடுத்துப் போனதில்லை.

அன்று காலை போன வீட்டில் காம்பவுண்டு வாசலிலேயே வீட்டுக்காரர் காத்துக்கொண்டிருந்தார். ஆபீசுக்குப் போகிற உடை, கையில் ஹெல்மெட்.

"சீக்கிரம் ஆகட்டும்ப்பா. என் மாமனார் வண்டி. அவரும் போய்ச் சேர்ந்துட்டாரு, வண்டியும் படுத்துடுச்சு. இவ அக்கா வீட்டுக்காரர் மெக்கானிக் ஷெட் வெச்சிருக்காரு, அங்க கொண்டுபோய் விட்ருங்க." மனைவியைப் பார்க்காமலே அவள் பக்கம் தலையை ஆட்டினார். "இது ஒழிஞ்சா பாதி வீடு காலி. மீதிப் பாதி இவளோட தையல் மெஷினு. அதுக்கும் ஆள் சொல்லியாச்சு, நாளைக்கு வந்து எடுத்துட்டுப் போயிடுவான். ஊருக்கெல்லாம் தெச்சுக் குடுத்தது போதும்."

அந்தப் பெண் தூணோரம் நின்றிருந்தாள். இடது மணிக்கட்டில் பட்டையாகக் கட்டு. இன்னொருவாட்டியின் பார்வை அங்கே போனதைக் கவனித்த வீட்டுக்காரர், "பாத்ரூம்ல வழுக்கிட்டா" என்றார். யாரும் கேட்கவில்லை. படியில் உட்கார்ந்திருந்த அவருடைய அம்மா, மகன் அதைச் சொன்னபோது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"டிக்கியில ஏதாவது இருக்காம்மா?" என்று இன்னொருவாட்டி அவளிடம் கேட்டார்.

"ஸ்டெப்னி இருக்கும், வேறென்ன" என்று பதில் சொன்னவர் வீட்டுக்காரர்.

மச்சினன், ட்ரெய்லரை இழுக்கும் பிக்கப்பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தான். பின்னை உருவியதும் ட்ரெய்லரின் வால் தரையில் உட்கார்ந்தது. கம்பியை முன்கொக்கியில் மாட்டிவிட்டு, "யாரும் காருக்குப் பின்னாடி நிக்காதீங்க, கம்பி பக்கமும் வராதீங்க" என்று சொல்லி வின்ச்சை ஓட்டினார். கார் அடி அடியாக ஏறியது. முன்சக்கரம் மஞ்சள் கோட்டைத் தொட்டது. தட்டு அசையவில்லை. கோட்டையும் தாண்டி, முன்னால் இருந்த தடுப்புக் குழாயில் டயர் முட்டி நின்றது. தட்டு அப்போதும் இறங்காமல், இறங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

"என்ன மாமா, தட்டு கோவிச்சுக்கிச்சா?" என்றான் மச்சினன்.

அவர் பின்னால் வந்து குனிந்து பார்த்தார். பின் டயர்கள் இரண்டும் பிதுங்கியிருந்தன. ஸ்பிரிங் அடியோடு உட்கார்ந்திருந்தது. டிக்கி மூடிக்கும் உடம்புக்கும் நடுவில் நீல நூல் ஒன்று சிக்கித் தொங்கியது. அவர் அதைப் பார்த்தார், ஆனால் யோசிக்கவில்லை. பழக்கம் முந்திக்கொண்டது.

"டிக்கியில என்னமோ கனமா இருக்கு சார். திறந்து பாத்துட்டுத்தான் எடுக்க முடியும்."

சொல்லி முடித்த பிறகுதான் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை. நீல நூலும், நாளைக்கு வரப்போகிற ஆளும், மணிக்கட்டுக் கட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக அவர் மனதில் வந்து விழுந்தன.

"சாவி எங்கே?" என்றார் வீட்டுக்காரர்.

"அது... ரொம்ப நாளா சேரறதில்ல."

"சேராட்டி என்ன, ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும்" என்று அவர் உள்ளே போனார். இழுப்பறைகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடுகிற சத்தம் வாசல்வரை கேட்டது.

அந்தப் பெண்ணின் மாமியார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து இன்னொருவாட்டியின் பக்கத்தில் வந்து நின்றார். முந்தானையில் கறுப்பாக மெஷின் எண்ணெய்க் கறை.

"தம்பி, அதைத் திறக்காம ஏத்தறதுக்கு வழி இருக்கா?"

"ரோட்டுல ஆடும்மா. எங்க ரெண்டு பேர் உசிரு மட்டும் இல்ல, எதிர்ல வர்றவனும் இருக்கான்."

"உள்ளே அவ பொழைப்பு இருக்கு. திறந்தா அதையும் உடைப்பான், அவளையும்..." அந்த அம்மாள் முடிக்கவில்லை. "வழி இருக்கான்னு மட்டும் சொல்லு."

உள்ளே இழுப்பறைச் சத்தம் நின்றது. இன்னொருவாட்டி காரின் மூக்கிலிருந்து வால்வரை ஒருமுறை கண்ணால் அளந்தார். கனம் வாலில். அப்படியென்றால் வால் முன்னால் போகட்டும். பாரம் அச்சைத் தாண்டுமா என்பதைத் தட்டே சொல்லிவிடும். சொல்லாவிட்டால்? அதை நினைக்க நேரமில்லை.

வீட்டுக்காரர் ஸ்க்ரூ டிரைவரோடு வெளியே வந்தார்.

"வேணாம் சார், என் தப்பு. குனிஞ்சு பாத்தேன், பின் ஸ்பிரிங் போயிருக்கு. அதான் வால் உக்காந்திருக்கு. காரைத் திருப்பி ஏத்தினா சரியாயிடும்." இத்தனை வருடத் தொழிலில் பாரத்தைப் பற்றி அவர் சொன்ன முதல் பொய் அது.

"அப்ப ஸ்டெப்னியைத்தான் எடுத்துட்டு..."

"ஸ்டெப்னி என்ன சார் கனம். நீங்க ஆபீஸ் போகணும், கொஞ்சம் கை குடுத்தீங்கன்னா திருப்பிடலாம்."

வின்ச்சைத் தளர்த்திக் காரை மெல்லக் கீழே இறக்கினார்கள். மச்சினன் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொள்ள, மற்ற இருவரும் முற்றத்தில் தள்ளித் திருப்பினார்கள். வீட்டுக்காரருக்கு மூச்சு வாங்கியது. "மனுஷன் உயிரோட இருந்தப்பவும் இப்படித்தான், அசைய மாட்டாரு" என்று மாமனாரை நினைத்துச் சிரித்தார்.

இந்த முறை கம்பியைப் பின்கொக்கியில் மாட்டினார். வின்ச் முனகியது. பின்சக்கரம் கோட்டை நெருங்கியது, தொட்டது, தாண்டியது. அந்தப் பெண் கட்டுப்போட்ட கையை இன்னொரு கையால் இறுக்கிக்கொண்டிருந்தாள். கோட்டைத் தாண்டி ஒரு சாண் போனதும் தட்டு பெருமூச்சுபோல ஒரு சத்தத்தோடு இறங்கி மட்டமாக உட்கார்ந்தது. அவர் பின்னைச் சொருகி, அதன் கொண்டியைப் போட்டார். நான்கு சக்கரத்துக்கும் நான்கு பெல்ட். ஐந்தாவதாக ஒன்றை டிக்கி மூடியின் மேல் குறுக்காகப் போட்டு இறுக்கினார்.

"அது எதுக்கு?" என்றார் வீட்டுக்காரர்.

"திருப்பி ஏத்தியிருக்கோமே சார், எதிர்க்காத்து மூடியைத் தூக்கிடும்." அது பொய்யில்லை. ஆனால் அந்த பெல்ட்டை அவிழ்க்காமல் இனி யாரும் டிக்கியைத் திறக்க முடியாது.

"நீயும் போ" என்று மாமியார் மருமகளைப் பார்த்துச் சொன்னார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, சிடுசிடுப்பான குரலில். "அப்பா வண்டியை அக்கா கையில ஒப்படைச்சுட்டு சாயங்காலம் பஸ்ஸுல வந்து சேரு. அப்புறம் கண்ணாடி உடைஞ்சது, கைப்பிடி போச்சுன்னு நமக்குத்தான் பேச்சு."

"அவ எதுக்குமா?"

"அப்ப நீ போறியா?"

வீட்டுக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

பிக்கப் கிளம்பும்போது மாமியார் ட்ரெய்லர் அருகில் வந்தார். "நல்லா கட்டியிருக்கீங்களா?"

"கட்டியாச்சும்மா."

"இன்னொரு வாட்டி பாத்துடுங்க."

மச்சினன் வாயைத் திறந்தான், மாமாவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான். இன்னொருவாட்டி இறங்கி ஐந்து பெல்ட்டையும் இழுத்துப் பார்த்தார். அந்த அம்மாள் கூடவே நடந்து, டிக்கி மூடியின் மேல் உள்ளங்கையை ஒருமுறை வைத்து எடுத்தார். கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே போனார்.

ஊர் எல்லை தாண்டியதும் வழக்கம்போல வண்டியை ஓரம் கட்டினார். கிளம்பிய கொஞ்ச தூரத்தில் பெல்ட் தளரும். நிறுத்திப் பார்த்தே ஆக வேண்டும். அவளும் இறங்கினாள்.

"மெஷின் தலை ரெண்டு, காஜா மெஷின், துணிக் கட்டு" என்றாள், கேட்காமலே. "ரோட்டுல ஆடும்னு எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பேன்."

"இந்தக் கையோட தனியா எப்படிக்கா ஏத்துனீங்க?" என்றான் மச்சினன்.

"தனியா இல்ல."

லாரி ஒன்று கடந்து போனது. காற்றில் ட்ரெய்லர் அசையவில்லை.

"அத்தையையும் வாங்கன்னு கூப்பிட்டேன். ரெண்டு பேரும் போயிட்டா மத்தியானமே தேடுவான், ஒருத்தி இருக்கணும்னு சொல்லிட்டாங்க. அவன் வந்து கேட்டா என்ன பண்ணுவீங்கன்னேன். 'நான் பெத்தது, நான் பாத்துக்கறேன்'னாங்க." கொஞ்சம் நிறுத்தி, "அவங்க கையும் ஒருதடவை உடைஞ்சதுதான். அப்பவும் பாத்ரூம்ல வழுக்கிட்டதாத்தான் சொன்னாங்க" என்றாள்.

இன்னொருவாட்டி தளர்ந்திருந்த பெல்ட் ஒன்றை, அதன் பற்சக்கரத்தில் ஒரு பல் ஏற்றி இறுக்கினார். அவள் நல்ல கையால் டிக்கி மேலிருந்த பெல்ட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அது இம்மி நகரவில்லை. பிறகு, வந்த சாலையின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அப்படியே நின்றாள்.

அவர் அவசரப்படுத்தவில்லை. அவளாக வந்து ஏறி உட்கார்ந்த பிறகுதான் சாவியைத் திருகினார்.