அவசரத்துக்கு யாரை அழைப்பது

அவன் வேலை பார்க்கும் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் அவனுக்குப் பட்டப்பெயர் 'பொடியெழுத்து'. மற்றவர்கள் பாலிசியின் முதல் பக்கத்தைப் புரட்டுவதற்குள், இவன் கடைசிப் பக்கத்தின் அடியில் எறும்பு ஊர்ந்ததுபோல் கிடக்கும் வரிகளைப் படித்துவிட்டு, "இந்த கிளைம் செல்லாது சார்" என்பான். அப்பேர்ப்பட்டவனின் மனைவி மேல்படிப்புக்கு வெளிநாடு போகிறாள் என்றால் மருத்துவக் காப்பீட்டைச் சும்மா விடுவானா? மூன்று திட்டங்களை வரவழைத்து அக்குவேறு ஆணிவேறாக அலசினான். மலிவானதில் பல்வலிக்குக்கூட ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அடுத்ததில் ஆபரேஷன் செலவில் பாதிதான் தருவார்கள். பல்கலைக்கழகமே தரும் திட்டம் விலை கூடுதல்தான், ஆனால் முதல் நாளிலிருந்தே எல்லாவற்றுக்கும் செல்லும். அதைத்தான் எடுக்கச் சொன்னான்.

"படிக்கப் போறது நானா, நீங்களா?" என்று அவள் சிரித்தாள்.

போய்ச் சேர்ந்ததும் படிவத்தை நிரப்பி, சரிபார்க்கச் சொல்லி அவனுக்கு அனுப்பினாள். மூன்று பக்கங்களில் ஒரு குறையும் இல்லை. நான்காவதில் ஒரு கட்டம்: அவசரத்துக்கு யாரை அழைக்க வேண்டும்? அங்கே இவன் பெயர் இல்லை. நெட்டையின் பெயர் இருந்தது. உறவு: நண்பர்.

நெட்டை யார் என்று இவனுக்குத் தெரியும். அவளுடைய ஆய்வகத்திலேயே படிப்பவன், அடுத்த கட்டடத்தில் குடியிருப்பவன். அவள் அனுப்பும் படங்களில் எல்லாத் தலைகளுக்கும் மேலே ஒரு தலை நிற்குமே, அதுதான். செல்லப்பெயர் வைத்ததும் அவள்தான். இவனுக்கு வயிறு பற்றி எரிந்தது. அத்தனை பெண்கள் படிக்கிற இடத்தில் இவளுக்கு ஒரு தோழிகூடவா அகப்படவில்லை?

பஸ்ஸில், சாப்பிடும்போது, பல் துலக்கும்போது என்று அந்தப் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்தான். நண்பராமே, நண்பர். அந்த ஃபோன் எண்ணில் இருந்த ஒவ்வோர் இலக்கமும் இவனைப் பார்த்துப் பல்லிளித்தது. நான்கு நாள் பொறுத்தான். ஐந்தாம் நாள் வாய்விட்டுக் கேட்டான்.

"குத்துக்கல்லாட்டம் நான் ஒருத்தன் இருக்கேன். அவசரம்னா அவன்தான் ஞாபகத்துக்கு வர்றானா?"

"அவன் நாலு நிமிஷத்துல வந்துடுவான். நீங்க ஃப்ளைட் புடிச்சு வரணும்."

"ஏன், ஃபோன் அடிச்சா நான் எடுத்துப் பேச மாட்டேனா?"

"இதுக்குப் போய் யாராவது மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாங்களா?"

"சரி விடு. உனக்கு யார் முக்கியம்னு தெரிஞ்சுபோச்சு."

"நீங்களே மாத்திக்குங்க. பாஸ்வேர்டு உங்ககிட்டதானே இருக்கு" என்று வைத்துவிட்டாள்.

மாற்றினான். நெட்டையை அழித்துத் தன் எண்ணைப் போட்டான். உறவு: கணவர். அவள் அனுப்பியிருந்த பழைய படிவத்தையும் ஃபோனிலிருந்து துடைத்தெறிந்தான். அன்று இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டான்.

இரண்டு மாதம் போயிற்று. ஒருநாள் காலை பதினொரு மணிக்கு, கிளைம் கட்டு ஒன்றைப் பிரித்து வைத்திருக்கும்போது ஃபோன் அடித்தது. ஏதோ வெளிநாட்டு எண். துண்டித்தான். தெரியாத எண்ணை எடுக்காதீர்கள், எல்லாம் ஏமாற்றுக்காரர்கள் என்று அலுவலகம் முழுக்க வகுப்பெடுத்தவனே இவன்தான். மறுபடி அடித்தது, மறுபடி துண்டித்தான். மூன்றாவது தடவை ஃபோனை உயர்த்திப் பக்கத்து மேஜை அம்மாளிடம் காட்டி, "விடமாட்டேங்கிறானுங்க பாருங்க மேடம்" என்று சிரித்துக்கொண்டே துண்டித்தான்.

பிறகு ஒரு செய்தி வந்தது. ஒரு மருத்துவமனையின் பெயர். அதன் கீழே அவள் பெயர்.

உடனே திருப்பி அழைத்தான். நர்ஸ் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்: குடல்வால் வெடித்துவிட்டது, அவளே ஆம்புலன்ஸை அழைத்திருக்கிறாள், ஃபோன் அறையிலேயே கிடக்கிறது, பாதி நினைவில்தான் இருக்கிறாள். ஒத்துக்கொள்ளாத மருந்து ஏதாவது உண்டா? முன்பு ஒரு ஊசி போட்டு அவளுக்கு முகமும் தொண்டையும் வீங்கிய கதையை, மருந்தின் பெயரோடு, இவன் திக்கித் திக்கிச் சொன்னான். இதைக் கேட்கத்தான் அரை மணி நேரமாக உங்களைக் கூப்பிடுகிறோம் என்றாள் நர்ஸ். இனிக் காத்திருக்க முடியாது, ஆபரேஷனுக்குக் கொண்டுபோகிறோம். தனியாக இருக்கிறேன் என்று அழுகிறாள், யாராவது வர முடியுமா?

வர முடிந்தவன் ஒருவன்தான். அவன் எண் இவனிடம் இல்லை. ஆனால் விரல் பாட்டுக்கு அழுத்திக்கொண்டே போயிற்று. பஸ்ஸிலும் சாப்பாட்டிலும் பார்த்துப் பார்த்து வயிறெரிந்த எண், ஓர் இலக்கம்கூடப் பிசகாமல் வந்தது.

"ஹலோ?" தூக்கக் குரல்.

"நான் அவ வீட்டுக்காரர் பேசறேன்."

"சொல்லுங்கண்ணா."

சொன்னான். நெட்டை ஒரு கேள்வி கேட்கவில்லை. "கிளம்பிட்டேண்ணா" என்றான். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

மாலையில் வீடியோவில் அவள் தெரிந்தாள். முகம் வெளிறி, உதடு காய்ந்து கிடந்தது. ஃபோனைப் பிடித்திருந்த நீளக் கை நெட்டையுடையது. அவளுடைய பை அவன் தோளில் தொங்கியது. கண் விழித்ததும் அவள் முதலில் பார்த்தது நெட்டையைத்தானே என்று தோன்றியதும், வெட்கங்கெட்ட வயிறு மறுபடி எரிய ஆரம்பித்தது.

"மூணு தடவை அடிச்சாங்களாமே?" என்றாள் அவள்.

"கட் பண்ணிட்டேன்."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அவள் தூங்கியபின் அந்தப் படிவத்தைத் திறந்தான். தன் எண்ணை அழித்தான். மனப்பாடமாக இருந்த எண்ணைத் தட்டினான். உறவு என்ற கட்டத்துக்கு வந்ததும் விரல் நின்றது. நண்பர் என்று போட இன்னமும் மனம் வரவில்லை. வெகுநேரம் யோசித்து, 'பக்கத்தில் இருப்பவர்' என்று எழுதினான். படித்துப் பார்த்தான். முன்னைவிட அதிகமாக எரிந்தது. அழிக்காமல் அனுப்பினான்.