அக்கா போட்டுக்கொண்ட ஊசி

பேருந்து ஓட்டும் அக்காவுக்குப் பித்தப்பையில் கல். அறுவைச் சிகிச்சைக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி. பாசிட்டிவ் என்று வந்தது. செவிலி அதைச் சொன்னபோது அவள் கணவர் முகத்தில் ஈயாடவில்லை. அக்காதான் பதறாமல் எழுந்து உட்கார்ந்தாள்.

“நோயெல்லாம் இல்லங்க. அது ஊசியோட வேலை.”

“எந்த ஊசி?” என்றார் கணவர்.

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் அவள் தம்பிக்கு எச்.ஐ.வி. உண்டு. மாத்திரையின் புண்ணியத்தில் நன்றாகத்தான் இருக்கிறான். ஆனாலும், தெரியவந்த அன்று அவன் கூனிக்குறுகி நின்றது அவள் கண்ணை விட்டுப் போகவில்லை. தடுப்பூசி ஆராய்ச்சிக்கு நோயில்லாத ஆட்கள் தேவை என்று கேள்விப்பட்டதும் பேர் கொடுத்துவிட்டாள். கணவரிடம் மூச்சுவிடவில்லை.

ஆராய்ச்சி மருத்துவர் நேரில் வந்து விளக்கினார்.

“ஊசியில வைரஸே கிடையாதுங்க. அதோட மேலுறை மாதிரி செஞ்ச துண்டுதான். அதைப் பாத்து இவங்க உடம்பு எதிர்ப்பைத் தயார் பண்ணிருக்கு. சாதாரண டெஸ்ட் அந்த எதிர்ப்பைப் பாத்து ஏமாந்துடும். வைரஸையே தேடுற டெஸ்ட் எடுத்துடலாம்.”

எடுத்தார்கள். வைரஸ் இல்லை. அறுவைச் சிகிச்சையும் நல்லபடியாக முடிந்தது. கணவர் மட்டும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“சொல்லியிருக்கணும். வேணாம்னுடுவீங்களோன்னு பயம்.”

சில மாதங்கள் கழித்து ஆராய்ச்சி மையத்தில் முடிவைச் சொல்லக் கூப்பிட்டார்கள். அக்கா, கணவர், தம்பி மூவருமே போனார்கள்.

“இந்த வைரஸ்ல பல ரகம் இருக்கு” என்றார் மருத்துவர். “எந்த ரகத்தை வெச்சு ஊசி செஞ்சோமோ, அதை உங்க ரத்தம் நல்லாவே தடுக்குது. மத்ததுல சிலதை ஓரளவு தடுக்குது. சிலது தண்ணி காட்டிடுச்சு.”

“எனக்கு இருக்கிற ரகம்?” என்று கேட்டான் தம்பி.

“அதையும் கொஞ்சம் தடுத்திருக்கு. சோதனைக்குழாய்லதான். ஆளைக் காப்பாத்துமான்னு இனிமேதான் பாக்கணும். உங்களுக்கு இது மருந்தும் இல்ல.”

தம்பி கண்ணைத் துடைத்தபடி சிரித்தான். “இத்தனை வருஷமா என்னை ஆட்டிவெச்சதை எங்கக்கா ஒரு கை பாத்துட்டா, மாமா!”

கணவர் தொண்டையைச் செருமினார். “டாக்டர், அடுத்த ஊசிக்கு ஆள் எடுப்பீங்களா?”

“எடுப்போம். இன்னும் நிறைய ரகத்தைச் சேத்து ஒண்ணு தயாராகுது.”

“அப்ப என் பேரையும் எழுதிக்குங்க.”

“நீங்களா?” அக்கா வாயைப் பிளந்தாள். “ஊசியைப் பாத்தாலே மயக்கம் போடுவீங்களே!”

“விழுந்தா பிடிக்கத்தான் என் மச்சான் இருக்கான்ல” என்று சொல்லி, யாரும் கேட்காமலேயே சட்டைக் கையை மடிக்கத் தொடங்கினார் அவர்.