சுரங்கத்தின் கடைசிக் கதவு

லோடுமேனின் மகள் ஒரு வீடியோ கேமை முடிக்காமல் வைத்திருந்தாள். அது முடிந்தால் அவள் அம்மாவோடு போய்விடுவாள். பேச்சு அப்படி. பிரிந்துபோய் வேறு ஊரில் இருக்கும் அம்மா, பள்ளிக்கூடம் திறக்குமுன் கூட்டிப்போக வருவதாகச் சொன்னபோது, "இந்த கேமை முடிச்சிட்டுதான் வருவேன்" என்று பிள்ளை அடம்பிடித்தாள். இதென்ன பெரிய மலையா என்று அம்மாவும் தலையாட்டிவிட்டாள்.

மலைதான். ஊரே பார்த்து அழுத ஒரு படத்தை வைத்து எவனோ அவசர அடியாகச் செய்துதள்ளிய பழைய கேம் அது. படத்தில் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகும். அப்பன் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைசிக் கதவைத் தாண்டுவான். கேமிலோ அந்தக் கதவு திறந்தால்தானே? இரண்டு பேர் சேர்ந்து ஆட வேண்டும். லோடுமேன் தன் பொம்மையை மகளின் பொம்மையிடம் கொண்டுபோய், இரண்டு பட்டனையும் சேர்த்து அமுக்குவார். அது அவளைத் தூக்காது, தண்ணீரில் தள்ளிவிடும்.

"அப்பா! மறுபடியும் கொன்னுட்டியே!"

"தூக்கத்தான்டி பாத்தேன்."

"இது பட்டன்பா, சிமெண்ட் மூட்டை இல்ல. எதுக்கு இப்படி தம் கட்டுறே?"

அம்மா வருவதாகச் சொன்ன அன்றைக்குக் கோடவுனில் லாரிக்குக் காத்திருக்கும்போது, அந்த கேமை முன்பே ஆடி முடித்திருந்த, சோடாபுட்டி என்று எல்லாரும் கூப்பிடும் கூட்டாளி விஷயத்தை உடைத்தான்.

"அண்ணே, அதுல தூக்குற வேலையே கிடையாது. செவுத்துல ஒரு கைப்பிடி இருக்கும். செங்கல்லுனு நெனச்சிருப்பீங்க. ஒருத்தர் அதை அமுக்கிப் புடிச்சா கதவு தெறக்கும், இன்னொருத்தர் போயிடலாம்."

"புடிச்சவன்?"

"முழுகிடுவான். அதோட கேம் முடிஞ்சுது. படம் எடுத்தவங்க பாத்தா அடிக்கவே வருவாங்க."

அதற்கப்புறம் இறக்கிய மூட்டையெல்லாம் கனத்தது. வாயைத் திறக்காமல் இருந்தால் பிள்ளை தன்னோடு இருப்பாள். ஆனால் எப்படி இருப்பாள்? விடியுமுன் அவர் வெளியே பூட்டிவிட்டுக் கிளம்பினால், திரும்பும்வரை அந்த ஒற்றை அறையில் டிவியும் அவளும்தான். போன வாரம் காய்ச்சலில் சுருண்டு கிடந்தவளுக்கு ஒரு வாய் வெந்நீர் கொடுக்க ஆளில்லை.

சாயங்காலம் அவர் வந்தபோது அம்மா வாசலில் நின்றிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இன்னுமா முடியல?"

லோடுமேன் கைகால் கழுவாமலே மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். கடைசிக் கதவு வந்தது. அவருடைய பொம்மை அவளிடம் போகாமல் சுவர்ப் பக்கம் திரும்பியது. மகளின் விரல்கள் நின்றுவிட்டன.

"யாருப்பா சொன்னது?" என்றாள், அம்மாவுக்குக் கேட்காத குரலில்.

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உனக்குத் தெரியுமா?"

"எப்பவோ தெரியும்."

கைப்பிடியை அமுக்கினார். கதவு திறந்தது. அவள் பொம்மை அசையவில்லை. தண்ணீர் இடுப்புக்கு ஏறியது.

"போடா கண்ணு."

"விட்டுடுப்பா. எப்பவும் போல தள்ளிவிட்டுடு. திரும்ப ஆடலாம்."

அவர் கட்டைவிரலை எடுக்கவில்லை. தண்ணீர் கழுத்தைத் தொட்டபோது, அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பட்டனை அமுக்கினாள். திரையில் கதவுக்கு அப்பால், அவள் பக்கத்தில் வெயில், மஞ்சள் மஞ்சளாகக் கட்டங்கள். அவர் பக்கத்தில் ஒன்றுமில்லை. படத்தின் பாட்டு தகரத்தைச் சுரண்டுவது போல ஒலித்தது.

"முடிஞ்சுதா?" என்றாள் அம்மா.

மகள் கண்ட்ரோலரைத் தரையில் போட்டாள்.

"இனிமே உன்கூட வெளையாடவே மாட்டேன்," என்றாள் அப்பாவிடம்.

"சரி," என்றார் அவர்.