ஸ்பீக்கர்ல போடு

போன் பேசித் தீர்க்க முடியாத பிரச்சினை உலகத்தில் கிடையாது, அப்படி ஒன்று இருந்தால் அது பிரச்சினையே அல்ல என்பது பாண்டிமுருகனின் கொள்கை. இதை அவன் சிரித்துக்கொண்டு சொல்வதில்லை. கும்பாபிஷேகத்தில் மைக் பிடித்தவனைப் போல, கண்ணை லேசாக மூடி அடித்தொண்டையில் சொல்வான். "ரெண்டு நாட்டுக்குச் சண்டைன்னா என்ன அர்த்தம்? ரெண்டு பேரும் ஒழுங்கா ஒரு போன் பேசலைன்னு அர்த்தம். எங்கிட்ட நம்பரக் குடுக்கச் சொல்லு." கேட்டுக்கொண்டிருந்தது நாகவல்லி ஒருத்திதான் என்பதால் எந்த நாடும் நம்பர் கொடுக்கவில்லை.

காரைக்குடி நூறடி ரோட்டில், மாடியில் இருந்தது அவர்கள் இருவரும் வேலை பார்த்த அலுவலகம். சுற்றுப்பட்டு ஊர்களில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளைப் பார்த்துக்கொள்வது அங்கே வேலை. கூட்டிப் பெருக்குவது, கரையான் பார்ப்பது, சினிமாக்காரர்கள் கேட்டால் வாடகைக்கு விடுவது. வீட்டுக்கு ஒரு சாவிதான், ஆனால் பங்காளிகள் ஒரு பஸ் கொள்ளும் அளவுக்கு. சென்னையில் ஒருத்தர், பினாங்கில் ஒருத்தர், யாரோடும் பேசாமல் கோயம்புத்தூரில் ஒருத்தர். கூரையில் ஓர் ஓடு மாற்றுவதென்றாலும் ஒவ்வொருவரையும் தனித்தனியே கூப்பிட்டுச் சம்மதம் வாங்க வேண்டும். மூத்தவருக்கு முதலில். அந்த வரிசை தப்பினால் ஓடு போட வேண்டிய வீட்டில் கோர்ட்டு நோட்டீஸ்தான் விழும். வாட்ஸப்பில் சொன்னாலோ, "செவுத்துல நோட்டீஸு ஒட்டுற மாதிரி ஒட்டிட்டுப் போறீகளோ?" என்று கோபம்.

அப்படிக் கூப்பிட்டுச் சொல்லும் வேலைக்குத்தான் நாகவல்லியை எடுத்திருந்தார்கள். கோவிலூர்ப் பெண். அப்பாவுக்குத் தச்சு வேலை. எம்.காம். முடித்தவள். நேரில் யாரிடமும் பயம் கிடையாது. சில்லறை தராத கண்டக்டரைப் பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகும் விடமாட்டாள். போனில்தான் வினை. முகம் இல்லாத குரலோடு என்ன செய்வதென்று அவள் தொண்டைக்குத் தெரியாது. அதனால் வயசானவர்கள் கண்ணயரும் மத்தியான நேரமாகப் பார்த்துக் கூப்பிடுவாள். அவர்கள் எடுக்காவிட்டால் மழைக்குப் பள்ளிக்கூடம் விட்ட மாதிரி ஒரு சந்தோஷம். எடுத்தே தீருவார்கள் என்று தெரிந்தால், மூலையில் இருக்கும் தண்ணீர்க் கேனுக்கு முன்னால் நின்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்வாள். கேன் குறுக்குக் கேள்வி கேட்காது. "யாரு? சத்தமாப் பேசு" என்று அதட்டாது.

இதை, வீடுகளுக்கு வேலையாள் ஏற்பாடு செய்யும் பாண்டிமுருகன் ஒருநாள் பார்த்துவிட்டான். அன்றிலிருந்து அலுவலகத்துக்கு வேறு பொழுதுபோக்கு தேவைப்படவில்லை. டீ கொண்டு வருபவர், கரண்ட் ரீடிங் எடுப்பவர் என்று வந்தவர்களுக்கெல்லாம் கேனுக்கு முன் குனிந்து, துப்பட்டாவைச் சரிசெய்வதுபோல் தோளைத் தடவி நடித்துக் காட்டினான்.

"கேனு என்ன தாயி சொல்லுச்சு? சம்மதமாம்ல?"

அவனுக்கு ஒருநாளாவது தொண்டை அடைக்க வேண்டும், சளியாக இருந்தாலும் பரவாயில்லை என்று நாகவல்லி கோவிலூர்க் கோயிலில் வேண்டிக்கொண்டாள்.

அந்த வாரம் கானாடுகாத்தானில் ஒரு வீட்டின் ஓடுகள் சரிந்துவிட்டன. நடுமுற்றத்துத் தேக்குத் தூண்களில் தண்ணீர் இறங்குகிறது. ஆள் ஏற்பாடு செய்தாகிவிட்டது. பங்காளிகள் வாயிலிருந்து சரி என்ற சொல்தான் வரவேண்டும். அலுவலகத்தை நடத்தும் வீரலட்சுமி மேடம் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லாருகிட்டயும் பேசிரணும் நாகவல்லி. முடியாதுன்னா இப்பவே சொல்லிரு, நான் வேற பிள்ளையப் பாத்துக்கிறேன்."

"எங்க சித்தப்பா மக சும்மாதான் இருக்கா மேடம்," என்றான் பாண்டிமுருகன், யாரும் கேட்காமலே. "பேச ஆரம்பிச்சா நிறுத்தணும்னா கரண்டப் புடுங்கணும்."

இந்த வேலை போனால் வீட்டில் அடுத்த பேச்சு மாப்பிள்ளைப் பேச்சுதான். தேவகோட்டையில் ஒரு மரக்கடைக்காரர் ஏற்கெனவே ஜாதகத்தோடு தயாராக இருந்தார். நாகவல்லி போனைக் கையில் எடுத்தாள், வைத்தாள். வியாழக்கிழமை காலைவரை அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். மூத்தவர் முத்தையா செட்டியார். காரைக்குடியிலேயே இருந்தவர், இப்போது மகனோடு சென்னையில். நம்பரை அழுத்தினாள், மணி அடிப்பதற்குள் கட் செய்தாள்.

"இங்குட்டு குடு." பாண்டிமுருகன் போனைப் பிடுங்கினான். "மேடம், ஒரு நிமிஷம் வாரீகளா? பாடம் எடுக்கப் போறேன். ஸ்பீக்கர்ல போடுறேன்."

"வேணாம்ணே. நானே பேசுறேன்."

"நீ பேசுறதுக்குள்ள தூண்ல தவக்கள குஞ்சு பொரிச்சிரும்."

மூன்றாவது மணியில் எடுத்தார்கள்.

"ஐயா, வணக்கம்! நம்ம பாண்டி பேசுறேன்! எப்படி இருக்கீக? மெட்ராஸு வெயிலு வாட்டுதா?"

"இருக்கேன்ப்பா."

"அப்புறம், நம்ம ஆச்சி..."

செட்டியாரின் மனைவியான ஆச்சி போன மாதம்தான் காரைக்குடியில் இறந்துபோனார். அலுவலகம் சார்பில் ஒரு மாலை போனது. நாகவல்லியின் கை தானாக உயர்ந்தது. பாண்டிமுருகன் உதட்டில் விரல் வைத்து, சும்மா இரு என்று கண்ணாலேயே அதட்டினான். அவள் கையை இறக்கிக்கொண்டாள். மறுபடி உயர்த்தியிருக்கலாம். உயர்த்தவில்லை.

"...ஆச்சி எப்படி இருக்காக? அவக கையால ஒரு காப்பி குடிச்சு எம்புட்டு நாளாச்சு!"

ஸ்பீக்கரில் அந்தப் பக்கத்து மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"மாலை கொண்டாந்து போட்டது நீதானடா?" குரல் உயரவில்லை. "காதுல போன வச்சுப் பேசிக்கிட்டே வந்த. ஒத்தக் கையால போட்ட. பேசிக்கிட்டே போயிட்ட. யாருக்குப் போட்டோம்னுகூடப் பாக்கலையாடா நீ?"

அவ்வளவுதான். போனை வைத்துவிட்டார்.

வீரலட்சுமி மேடம் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "சாயங்காலத்துக்குள்ள நீயே கூப்பிட்டு மன்னிப்புக் கேக்குற. அவர் சரின்னு சொன்னாத்தான் மத்தவுக வாயத் திறப்பாக. இல்லைன்னா இந்தப் பிள்ளையோட சேந்து நீயும் கிளம்பிக்கலாம்."

"இதென்ன மேடம், ஒரு போனு. அஞ்சு நிமிஷம்," என்றான் பாண்டிமுருகன்.

அஞ்சு நிமிஷத்தில் டீ குடிக்கப் போனான். வந்து, "இப்பச் சாப்பிடுற நேரம்" என்றான். பிறகு, "பெரியவுக கண்ணசருற நேரம்." பிறகு டவர் இல்லை. பிறகு சார்ஜ் இல்லை. கோயில் வாசலில் தொலைத்த செருப்பை இன்னொருத்தன் காலில் பார்ப்பதுபோல நாகவல்லி தன் சாக்குகளை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டுகொண்டாள். அவள் வேலை இப்போது அவன் தொண்டையில் மாட்டியிருந்தது. அதை நினைத்தால் வயிறு எரிந்தது. அவனைப் பார்த்தால் குளிர்ந்தது.

"பேசிட்டீகளாண்ணே?"

"பேசுவேன்ல. நீ ஒன் சோலியப் பாரு."

"என் சோலி அதுக்கப்புறந்தாண்ணே இருக்கு." மூலையைக் காட்டினாள். "வேணும்னா கேனு சும்மாதான் இருக்கு."

அவன் முறைத்தான். வண்டிச் சாவியையும் ஹெல்மெட்டையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினான். நாகவல்லிக்குச் சொன்னது வாயில் இனிப்பாக நின்றது. ஓடிவிட்டானோ என்ற பயம் அதற்குப் பின்னால் வந்தது.

வானம் கருத்துக்கொண்டு வந்தது. கானாடுகாத்தான் பக்கம் மின்னியது. அரைமணி கழித்தும் வண்டி கிளம்பும் சத்தம் கேட்காததால், நாகவல்லி படிக்கட்டு ஜன்னலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

வண்டி நிறுத்திய இடத்திலேயே நின்றது. அதன் மேல் பாண்டிமுருகன் நேராக உட்கார்ந்திருந்தான். தலையில் ஹெல்மெட், முகக் கண்ணாடியும் இறக்கிவிட்டிருந்தது. போன் காதில் இல்லை, மடியில் திரை அணைந்து கிடந்தது. பானைக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு குரல் வந்தது.

"ஐயா, வணக்கம். நான் பாண்டிமுருகன்..."

நின்றது.

"ஐயா. நான் பாண்டிமுருகன் பேசுறேன். ஆச்சி விசயமா..."

ரோட்டில் போன ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். முகக் கண்ணாடியில் அவன் மூச்சு வெள்ளையாகப் படர்ந்தது, மெல்ல விலகியது, மறுபடி படர்ந்தது. முதல் தூறல் ஹெல்மெட்டின் மேல் விழுந்து வழிந்தது. அவன் அசையவில்லை.

"ஐயா, வணக்கம்..."